காவல் இல்லாத கடல்

கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். ஏழு மில்லிமீற்றர் தடித்த கறுப்பு வெட்சூட், அதே தடிப்பில் தலைமூடி, கையுறை, காலுறை, ஒன்பது கிலோ ஈயம் கோத்த இடுப்புப் பட்டி, நீண்ட ஃபின் இரண்டு, கண்ணாடி. பக்கத்தில் ஒரு மீற்றர் நீளத்தில் மீன் சுடும் துவக்கு. 2017 டிசம்பர். பிளிமத்தில் நள்ளிரவு, மழை. எத்தாளையில் மாமா சுபஹு தொழுதுவிட்டு முற்றத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்.

போனைக் கட்டிலின் மேலால் மெல்லக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதென்ன மகன், மௌத்தான ஆளப் படுக்க வெச்ச மாதிரி இரிக்கி?"

"இது கடலுக்குப் போடுற உடுப்பு மாமா."

"எந்தக் கடலுக்கு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெப்ரவரியில் ஊருக்கு வருகிறேன், வந்தால் கடலடிப் பாரில் குளிப்பதாக இருக்கிறேன், மூச்சடக்கி மீன் சுடப் பழகியிருக்கிறேன் என்றெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "உம்மாக்குச் செல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

எத்தாளைப் பிள்ளை ஒருவன் கடலை இங்கிலாந்தில் போய்ப் பழகினான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் குடாநாட்டுக்கு மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. எந்தப் பக்கம் ஓடினாலும் கால் நனையும். ஆனால் நாங்கள் தோட்டக்காரர். வாப்பாவுக்கு மணல் தோட்டம், கிணறு, சின்ன வெங்காயம், மிளகாய், ஒரு போகம் பீட்ரூட். அவருக்குக் கடல் என்பது காலையில் வாசலில் கேட்கும் மீன்காரனின் ஹோர்ன் சத்தம், அவ்வளவுதான். உம்மாவின் வீட்டாரிலும் கடலுக்குப் போனவர் ஒரே ஒருவர், உம்மாவின் கடைசித் தம்பி. சங்கு குளித்தார், கடலட்டை குளித்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளில் அவர் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு நாளுக்கு மூன்று தரம் இறங்கும் ஆள். கையில் காசு புழங்கியது. பெருநாளைக்கு எங்களுக்கெல்லாம் அவர்தான் சப்பாத்து எடுத்துத் தருவார்.

1998இல் எனக்குப் பத்து வயது. கச்சான் காற்றுக் கிளம்புவதற்கு முந்திய கடைசி நாட்கள். மாமா அன்று மூன்றாவது சிலிண்டரும் முடிந்து மேலே வந்து, வள்ளத்திலேயே தேத்தண்ணி குடித்திருக்கிறார். கரையில் இறங்கப் போனபோது இடது காலைக் காணவில்லை. அப்படித்தான் சொல்வார், "காலக் காணல்ல". கூட இருந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்கள். இன்னொரு சிலிண்டரைக் கட்டி அவரைத் திரும்பக் கடலுக்குள் இறக்கினார்கள். இரவு வீட்டுக்குத் தூக்கி வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. மாதக்கணக்கில் படுக்கை. பிறகு எழுந்தார். ஆனால் இடது கால் இன்றைக்கும் மணலில் ஒரு கோடு இழுத்துக்கொண்டுதான் வரும்.

ஊரில் இதற்குக் காத்துப் பிடித்தது என்று பெயர். ஒரு வகையில் அது சரியான பெயர்தான். கடலுக்கடியில் அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். மெல்ல மெல்ல ஏறி வந்தால் அது நுரையீரல் வழியாக வெளியேறும். ஆழத்தில் நீண்ட நேரம் இருந்துவிட்டு, அல்லது நாளில் பல தரம் இறங்கிவிட்டு, விறுவிறென்று வந்தால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். அந்தக் குமிழி முள்ளந்தண்டில் அடைத்தால் கால் போகும். கற்பிட்டிப் பக்கம் அட்டைக்கும் சங்குக்கும் போய் இப்படிக் காலை இழுத்து நடக்கிற ஆண்கள் மாமா மட்டுமல்ல.

அன்று கீழே கண்டதைப் பற்றி மாமா வேறொன்றும் சொல்வார். "பார் முழுக்க வெள்ள. சுண்ணாம்பு பூசின மாதிரி. மீனெல்லாம் அந்த வெள்ளைக்குள்ள வழி தெரியாம நிண்டது." படுக்கையில் கிடந்தவர் பிதற்றுகிறார் என்று நினைத்தோம். எல் நினோவால் கடல் சூடேறி இந்து சமுத்திரத்து முருகைக் கற்கள் வெளிறிச் செத்த ஆண்டு அது என்பதை நான் வளர்ந்து படித்துத்தான் அறிந்தேன்.

அன்றோடு உம்மா ஒரு சட்டம் போட்டார். முழங்காலுக்கு மேல் கடல் நனைத்தால் வீட்டுக்குள் வரக்கூடாது. நான் கிணற்றுத் தொட்டியில் நீந்தப் பழகினேன்.

2011இல் பிளிமத்துக்குப் போனேன். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஒரு கடற்கரையில் பிறந்து இன்னொரு கடற்கரையில் வந்து விழுந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லை. போவிசாண்ட் குடாவில் உட்கார்ந்து கறுப்பு உடுப்புக்காரர்கள் கடலில் இறங்குவதையும், ஒரு மணிநேரம் கழித்து நீல உதடுகளோடு ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு ஏறுவதையும் பார்ப்பேன். அவர்களிடம் சிலிண்டர் கிடையாது. ஒரே மூச்சு. அதுதான் என்னை இழுத்தது. மாமாவைப் பிடித்த காற்று இவர்களைப் பிடிக்காது என்று அப்போது நினைத்தேன். இவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறதென்று பிறகுதான் தெரிந்தது.

கப்பல் கட்டுமிடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் மூன்று பாடம் அவர் வீட்டுத் தரைவிரிப்பில். படுக்கச் சொல்வார், மூச்சை அடக்கச் சொல்வார், நெஞ்சுக்குழி துடிக்கத் தொடங்கியதும் கையை உயர்த்தச் சொல்வார். அந்தத் துடிப்பைக் கொண்டுவருவது ஒட்சிசன் தீர்ந்தது அல்ல, கரியமில வாயு சேர்ந்தது. ஆகவே இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கி ஊதினால் கரியமில வாயு குறைந்து துடிப்புப் பிந்தும், ஆள் தன்னை வீரன் என்று நினைப்பான். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தம் இருக்கும்வரை மிச்ச ஒட்சிசன் மூளைக்குப் போதும். மேலே வர வர அழுத்தம் குறையும், ஒட்சிசனின் தள்ளுதலும் விழும். கடைசிச் சில மீற்றர்களில், வெளிச்சம் தலைக்கு மேல் தெரியும்போது, விளக்கை அணைத்தாற்போல் நினைவு போய்விடும். வலி இல்லை, எச்சரிக்கை இல்லை. கிழவர் இதை ஒரே ஒரு தரம்தான் சொன்னார். அதன் பிறகு மூன்று விதி: வேகமாக மூச்சு வாங்காதே, கீழே இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் மேலே இரு, ஒருவன் கீழே போனால் மற்றவன் மேலே இருந்து பார்க்கவேண்டும்.

பிறகு குளிர். பெப்ரவரியில் அந்தக் கடல் ஒன்பது பாகை, ஓகஸ்டில் பதினேழு. தலையை உள்ளே விட்டால் நெற்றியில் யாரோ ஆணி அடிப்பார்கள். ஆனால் முகத்தில் குளிர் பட்டதும் இதயம் தானாக மெதுவாகும். கடல் நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவான ஒரு பழைய பழக்கம் அது. ஒரு மணிநேரத்தில் விரல் விறைத்துத் துவக்கின் ரப்பரை இழுக்க முடியாமல் போகும், ஏறிவிடவேண்டியதுதான். தண்ணீர் கலங்கல், பச்சை. நாலு மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆறு மீற்றர் இறங்கினால் தரை தெரியாத இருட்டுக்குள் போகிறோமே என்று நெஞ்சு சொல்லும், திரும்பிவிடுவேன். அங்கே கொடுவா போன்ற ஒரு மீன் உண்டு, பாஸ் என்பார்கள். நாற்பத்திரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் எடுக்கக்கூடாது. முதல் கோடை முழுவதும் எனக்குக் கிடைத்தது மூன்று மீன். அந்த மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காய்ப்பால் விட்டு ஆக்கி, படமெடுத்து உம்மாவுக்கு அனுப்பினேன். கடையில் வாங்கினது என்று சொன்னேன்.

இப்படி இரண்டு ஆண்டு. ஆகவே ஊர்ப் பயணத்துக்கு ஆயத்தம் என்றதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான், குளிர்க் கடலில் பழகியவனுக்கு வெந்நீர்க் கடல் ஒரு விளையாட்டு. பழைய புத்தகக் கடையில் ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ரீஃப்ஸ் ஆஃப் டப்ரபேன்' கிடைத்தது. 1956இல் கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்ததைப் பற்றி, அடுத்த ஆண்டு வெளியான புத்தகம். அவர்களோடு கடலில் இறங்கிய ரொட்னி ஜோங்க்ளாஸ் அக்காலத்து இலங்கையில் ஈட்டியோடு மூழ்குவதில் பெயர்பெற்றவர். அதைப் படித்த போதையில்தான் துவக்கைக் கட்டிலில் வைத்து மாமாவுக்குக் காட்டினேன்.

இரண்டாவது கோலில் மாமா அந்தப் போதையை இறக்கினார்.

"அந்தத் துவக்கக் கொண்டு வராத. இஞ்ச அது தட."

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இலங்கைக் கடலில் ஈட்டித் துவக்கால் மீன் பிடிக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. அத்தோடு நான் இறங்க நினைத்த இடம் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கடல், 306 சதுர கிலோமீற்றருக்கும் மேலே. பார் என்றாலே எங்கள் பேச்சில் கடலடிக் கற்பாறைத் திட்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பார் ரீஃப் என்று பெயர், எங்கள் காதுக்கு ஒரே சொல்லை இரண்டு மொழியில் சொன்னது போலக் கேட்கும்.

எனக்குக் கோபம் வந்தது. வலை போடுகிறவர்கள் வள்ளம் வள்ளமாக அள்ளும்போது ஒரு மூச்சில் ஒரு மீன் எடுப்பவனுக்கா தடை என்று கேட்டேன்.

"நீ எந்த மீனச் சுடுவ?"

"பெருசத்தான்."

"அதான். கலவா கல்லுக்குள்ள வீடு கட்டி இரிக்கிற மீன். பெருசு ஒண்டு இரிக்கிற பொந்து ஒனக்குத் தெரிஞ்சா நாளைக்கும் அது அங்கதான் இரிக்கும். வலைக்கு ஆள் தெரியாது. துவக்குக்குத் தெரியும்."

கலவாய் இனத்தில் பெரும்பாலானவை பெண்ணாகத் தொடங்கி, வயதும் உடம்பும் ஏறிய பிறகே ஆணாக மாறும். பெரியதைத் தேடிச் சுட்டுக்கொண்டே போனால் பாரில் ஆண் மிஞ்சாது. மாமா இதைப் புத்தகத்தில் படித்தவரல்ல. "பெருசு போனா கொஞ்ச காலத்துக்குச் சின்னனும் வராது" என்றார். கணக்கு ஒன்றுதான். துவக்கை உறையில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். பிளிமத்தின் பாஸ் மீனுக்கு அது காத்திருக்கட்டும்.

"அப்ப நான் வரத் தேவையில்லையா மாமா?"

"துவக்கத்தானே வேணாமெண்டன். ஒன்ன வேணாமெண்டு சென்னனா?"

மீனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆயத்தம் அப்படியே இருந்தது. இன்னும் சொன்னால், துவக்கு போன பிறகுதான் மிச்சம் கண்ணில் பட்டது. ஜனவரி முழுக்க நான் செய்தது கழித்தல் கணக்கு.

முதலில் ஈயம். ஏழு மில்லிமீற்றர் உடுப்பு ஒரு மிதவை. அதைக் கீழே இழுக்கத்தான் ஒன்பது கிலோ. இருபத்தெட்டுப் பாகைக் கடலில் ஒன்றரை மில்லிமீற்றர் போதும், அதுவும் குளிருக்கல்ல, வெயிலுக்கும் சொறிக்கும். மிதவை போனால் ஈயமும் போகவேண்டும். பழக்கத்தில் அதே பட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினால் போவது சுகமாக இருக்கும், வருவதற்குத்தான் கால் வலு வேண்டும். நீச்சல் குளத்தில் மெல்லிய உடுப்போடு ஒவ்வொரு கட்டியாகக் கழற்றிப் பார்த்தேன். மூச்சு நிறைய இருக்கையில் மிதக்கவேண்டும், முழுக்க விட்டால் மெல்லத் தாழவேண்டும். இரண்டு கிலோவில் வந்து நின்றது.

மாமாவிடம் சொன்னபோது அவர் பேச்சு பழைய முத்துக்குளிப்புக் காலத்துக்குப் போனது. எங்களுக்கு வடக்கே மன்னார்க் கடலில், மரிச்சுக்கட்டியில் கொட்டகை போட்டு நடந்த முத்துக்குளிப்பு. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் அரபிகளும் சேர்ந்து குளித்த கடல். "அவன் கல்லுல கால வெச்சிக்கிட்டுப் போவான். தர தட்டினதும் கல்ல விட்டுருவான். கல்ல மேல இருக்கிறவன் இழுத்துக்குவான். நீ என்னடா எண்டா கல்ல இடுப்புல கட்டிக்கிட்டு மேலயும் வரப் பாக்கிற." ஆபத்தென்றால் ஒரு கையால் கழன்று விழும் கொளுக்கி பட்டியில் இருக்கிறது என்று காட்டினேன். மூன்று தரம் கழற்றிக் காட்டச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கழற்றச் சொன்னார்.

அடுத்தது காது. குளிர்க் கடலில் தலைமூடி காதைக் காத்தது. வெந்நீர்க் கடலில் நாள் முழுக்க ஊறிய காதில் புண் வரும், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கவேண்டும். அடுத்தது வெயில். கவிழ்ந்து மிதப்பவனின் பின்கழுத்தும் முழங்கால் பின்புறமும்தான் முதலில் வேகும். அடுத்தது தண்ணீர். கடலுக்குள் கிடந்தால் உடம்பு சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்றும், சூட்டில் தாகம் தெரியாமலே வற்றிப்போவோம். கல்லைப்போலவே கிடக்கும் முள்மீனை மிதித்தால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருக்கவேண்டும் என்று படித்து, அதற்கு ஒரு பிளாஸ்க் வாங்கினேன். "நல்லம், தேத்தண்ணிக்கு ஆகும்" என்றார் மாமா.

இதையெல்லாம் சாமான் பட்டியலில் எழுதி அடிக்கோடு போடலாம். எழுத முடியாத ஒன்று ஜனவரிக் கடைசியில், போவிசாண்டில், குளிரில் விறைத்து ஏறும்போது பிடிபட்டது. இரண்டு ஆண்டில் எனக்கு ஒன்றும் நேராததற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை. குளிர் ஒரு மணிநேரத்தில் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. கலங்கல் ஆறு மீற்றரில் என்னைத் திருப்பி அனுப்பியது. எனக்குத் தெரியாமலே என்னைக் காத்து நின்ற இரண்டு காவல்காரர்கள். எத்தாளைக் கடலில் இரண்டு பேருமே இல்லை. அங்கே பகல் முழுக்க இருந்தாலும் நடுங்காது. தரை தெளிவாகத் தெரிவதால், அது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். கண்ணாடிக்குள்ளால் பார்க்கும்போது எல்லாம் நாலில் ஒரு பங்கு கிட்ட வந்து நிற்பது வேறு.

அன்றிரவு இதை மாமாவிடம் சொன்னேன். கிழவர் சொன்ன விளக்கணையும் கதையையும் அன்றுதான் முதல்முதலாகச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. போனில் சேவல் கூவுவது மட்டும் கேட்டது.

"அப்ப காவலுக்கு நான் வாறன்" என்றார்.

1998க்குப் பிறகு மாமா வள்ளத்தில் ஏறியதில்லை.

பிளிமத்தில் சுழியோடிகளின் நோய்க்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. காத்துப் பிடித்தவரை அழுத்த அறைக்குள் வைத்து, ஒட்சிசன் கொடுத்து, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல அழுத்தத்தை இறக்கிக் கொண்டுவருவார்கள். வேலைக்குப் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டால் ஒவ்வொரு தரமும் மாமாவின் காலை நினைப்பேன். அவரைத் திரும்பக் கடலுக்குள் இறக்கியவர்களும் அதே வைத்தியத்தைத்தான் அறையும் ஒட்சிசனும் கணக்கும் இல்லாமல் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பெப்ரவரியில் போய் இறங்கினேன். கட்டுநாயக்கா, சிலாபம், பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பாதை, பிறகு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. நான் நாட்டைவிட்டுப் போன 2011இல்தான் அதன் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. இப்போது அது தெரிந்தால் வீடு கிட்டிவிட்டது என்று அர்த்தம். உம்மா ஃபின்களை எடுத்துப் பார்த்து "இது என்னத்துக்கு, தாராக் கால் மாதிரி?" என்றார். மாமா என் முகத்தைப் பார்க்காமல், "எங்களுக்குக் கடல்ல ஒரு வேல இரிக்கி ராத்தா, லுஹருக்கு முந்தி வந்துருவம்" என்றார். உம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவர் கண் தம்பியின் இடது காலில் போய் நின்றது. ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அது சம்மதமில்லை. ஆனால் விடியற்காலையில் பிளாஸ்க் நிறைந்திருந்தது.

மாமாவின் ஆயத்தம் ஒரு கயிறு. மூன்று நாளாக முற்றத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், பாகத்துக்கு ஒரு முடிச்சு. நுனியில் என் ஒன்பது கிலோவின் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கட்டிய ஒரு பழைய இரும்புத் துண்டு. "அஞ்சாவது முடிச்சு. அதுக்குக் கீழ ஒனக்கு அலுவலில்ல." ஒன்பது மீற்றர். ஆழமானியோடு கூடிய என் கைக்கடிகாரத்தையும் பத்து மீற்றரில் கூவும்படி வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டினார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்.

மாமாவோடு முந்திக் குளித்த ஒருவரின் மகன் வள்ளம் ஓட்டினான். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. வாடைக்காலக் கடைசி, கச்சானுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. தூரத்தில் ஓங்கில் கூட்டம் ஒன்று சுழன்று சுழன்று துள்ளியது, அதைச் சுற்றி வெள்ளைக்காரர் ஏற்றிய வள்ளங்கள். மாமா எதையும் பார்க்கவில்லை. கையில் தஸ்பீஹ் உருண்டுகொண்டிருந்தது.

மணல் திட்டில் நங்கூரம் போட்டுக் கயிற்றை இறக்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டேன்.

குளிர்க் கடல்காரனுக்கு முதலில் வருவது தலைசுற்றல். தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. முடிச்சு முடிச்சாகக் கயிறு கீழே போவதும், இரும்புத் துண்டு மணலில் ஒரு சின்ன நிழலோடு கிடப்பதும் தெரிந்தன. நெற்றியில் ஆணி இல்லை, இதயம் மெதுவாகவும் இல்லை. அது மெதுவாக, கவிழ்ந்து கிடந்து ஐந்து நிமிடம் வெறுமனே மூச்சு விடவேண்டியிருந்தது. மூன்றாவது முடிச்சு, நாலாவது முடிச்சு, திரும்பினேன். இன்னொரு தரம் ஐந்தாவது முடிச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன்.

பார் செத்துக் கிடந்தது. 2016இல் மறுபடி கடல் சூடேறி, ஆழங்குறைந்த பகுதியின் முருகைக் கற்களில் பெரும்பகுதி அழிந்த செய்தியைப் படித்துத்தான் வந்திருந்தேன். படிப்பது வேறு. மேசைபோல் விரிந்த கற்கள் விரித்தபடியே கறுத்து, பாசி மூடி, ஓரங்கள் நொறுங்கிக் கிடந்தன. 1998இல் வெளிறிய பார் பத்து ஆண்டுக்குள் தழைத்ததை ஆராய்ச்சியாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். மாமாவின் கால் தழைக்கவில்லை. பார் தழைத்தது, மறுபடி விழுந்தது. ஆனாலும் மீன் இருந்தது. கிளிமீன் கூட்டம் செத்த கல்லைச் சுரண்டும் கறுமுறு சத்தம் தலைக்குள் கேட்டது. செம்பல்லி, ஓரா, தூரத்தில் வெள்ளித் தகடுபோல் ஒரு பாரைக் கூட்டம். ஒரு கல்லின் விளிம்பில் விரல் அளவில் புதுக் கிளை ஒன்று ஊதா நுனியோடு நின்றது.

நாலாவது தரம் இறங்கும்போதுதான் கலவாயைக் கண்டேன். கயிற்றிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, ஒரு பொந்தின் வாசலில், வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு. என் கையில் துவக்கு இருக்கவில்லை. ஆனால் துவக்குப் பிடித்த உடம்பு அது, கை தானாக நீண்டது. கயிற்றை விட்டேன். மீன் பின்வாங்கியது, நான் இறங்கினேன். அது இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. மணல் அதோ, கைக்கெட்டும் தூரத்தில். கடிகாரம் கூவியது. கூவியதைக் கேட்டேன், கேட்டுக்கொண்டே இரண்டு தரம் ஃபின்னை உதைத்தேன். பச்சைக் கடலாக இருந்திருந்தால் எப்போதோ பயந்து திரும்பியிருப்பேன். இங்கே பயப்பட ஒன்றுமே இல்லை. வெளிச்சம், இளஞ்சூடு, மீனின் மஞ்சள் கண்.

நெஞ்சுக்குழி துடித்தது. மேலே பார்த்தேன். வள்ளத்தின் அடிப்பாகம் ஒரு வெள்ளரி விதை அளவில் இருந்தது.

அந்த ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிழவரின் தரைவிரிப்பை நினைத்தேன். பட்டியைக் கழற்றவா என்று கை கொளுக்கிக்குப் போயிற்று. கயிறு பக்கத்தில் இருந்தது. அதைப் பிடித்ததும் அது என்னை இழுத்தது. ஒரே சீராக, அவசரமில்லாமல், முடிச்சு முடிச்சாக. மேலே யாரோ கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். முகம் வெளியே வந்ததும் மாமாவின் குரல் கேட்டது, "மூச்ச எடு. எடு. இன்னொண்டு." வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாலு மீற்றர். விளக்கு அணையவில்லை. அணைந்திருக்கக்கூடிய இடத்தைக் கடந்து வந்திருந்தேன்.

மாமா ஏசவில்லை. வெயிலில் அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. கயிறு வலது மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது, அது பதிந்த இடம் சிவந்திருந்தது. ஏற்றிவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஊற்றினார். தனக்கு ஊற்றவில்லை. கால் போன அன்று அவர் வள்ளத்தில் குடித்ததும் தேத்தண்ணிதான் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"எப்பிடித் தெரியும் மாமா, நான் வாறது?"

"கயிறு செல்லும். நீ விட்டதும் லேசாப் போச்சு. அப்பமே எண்ணத் தொடங்கிட்டன்."

எண்ணியது தஸ்பீஹில். நான் கீழே போனதிலிருந்து தன் மூச்சு ஒன்றுக்கு ஒரு மணி. மேலே வந்த பிறகு அதைப்போல் இரண்டு மடங்கு மணி உருண்டு முடியும்வரை நான் இறங்கக்கூடாது. கிழவரின் விதியை நான் போனில் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது இதற்குத்தான். குளிர் இல்லாத கடலுக்கு மணி, கலங்கல் இல்லாத கடலுக்கு முடிச்சு. நான் இரண்டு மாதம் பட்டியல் போட்டுக் கழித்துக்கொண்டிருந்தபோது, அவர் முற்றத்தில் உட்கார்ந்து இந்த இரண்டையும் சேர்த்திருக்கிறார்.

போன் அடித்தது. உம்மா. வள்ளக்காரப் பையன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"எத்தின மணிக்கு வாறீங்க?"

நான் மாமாவைப் பார்த்தேன். ஃபின்னைக் காலில் மாட்டியபடி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன், இன்னொரு தரம் ஐந்தாவது முடிச்சுவரை போய்வர மனம் துடித்தது. மாமா கயிற்றைச் சரிசெய்து, மறுபடி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மற்றக் கையில் பெருவிரல் நகர்ந்துகொண்டிருந்தது.

"பொறு" என்றார், எங்கள் இருவருக்குமாக. "இன்னும் முப்பது மணி இரிக்கி."